கல்யாண வீட்டில் மிஞ்சியவர்கள்

தங்கபுஷ்பம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைச்சல். செத்து ஒன்பது வருஷமான மனைவியைப் பற்றிப் பெத்துராஜிடம் சந்தேகமில்லாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவள் குரல் கீச்சென்று இருக்குமா கனத்து இருக்குமா என்பது மறந்துவிட்டது. மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒருநாள் சந்தேகம் வந்து, பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்துபோய், கல்யாணக் கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த சிடியைப் போட்டுப் பார்த்தான். பதினாலு இஞ்சு டிவியில் அவள் ஒரு சாண் உயரத்துக்கு நின்றாள், முகம் சுண்டுவிரல் நகமளவு இருந்தது, மூக்குத்தி தெரியவே இல்லை. வேறு படம் எதுவும் அவளுக்குக் கிடையாது. தெற்கே பட்டாசு ஆலை வெடித்த அன்றைக்கு அவளிடமிருந்து திரும்பி வந்தது ஒரு சாக்குப்பை மட்டும்தான். அதிலும் அவள்தானா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

அன்றைக்கு விழுந்த எண்ணம்தான், அவளை அவள் உயரத்துக்கே ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்பது.

கீழப்பொட்டல் பஜாரில் அவனுக்கு டிவி ரிப்பேர் கடை. குண்டு டிவிக்காலம் முடிந்து யாரும் ரிப்பேருக்குக் கொண்டுவராமல் தூக்கிப்போடத் தொடங்கியிருந்ததால், அவனுக்கு வேலை குறைந்து பொருள் பெருகியிருந்தது. காயலான் கடையில், ஏதோ ஒரு பாலிடெக்னிக் கழித்துக்கட்டிய ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் ஒன்று கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்தது. அதன் வட்டவட்டமாய் வரி விழுந்த கண்ணாடியையும் தலையில் இருந்த லென்ஸையும் எடுத்துக்கொண்டான். மூடிப்போன பிரவுசிங் சென்டரின் மானிட்டரைத் திருகு திருகாய்க் கழற்றி, பின்னாலிருந்த விளக்கையும் வெள்ளைத் தாள்களையும் உரித்துப்போட்டு, படம் விழுகிற மெல்லிய கண்ணாடியை மட்டும், பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் வெளியே எடுத்தான். வாலிபால் மைதானத்தில் கழற்றிப்போட்ட மெட்டல் ஹாலைடு பல்பு, அதன் சோக்கு, செத்த கம்ப்யூட்டர்களின் விசிறி நாலு, கறையான் அரித்த பீரோவின் பிளைவுட் என்று ஏழு மாதம் சேர்த்தான், ஏழு மாதம் ஒட்டினான். பல்பின் சூட்டில் முதல் கண்ணாடி அப்பளமாய்ப் பொரிந்தது. இரண்டாவது, தேநீர் நிறத்துக்குக் கருகிப்போனது. மூன்றாவதற்கு இரண்டு பக்கமும் விசிறி வைத்துக் காற்றடித்ததில் அது பிழைத்துக்கொண்டது. வீட்டுச் சுவரில் முதல்முதலாகப் படம் விழுந்தபோது கல்யாணக் கூட்டம் முழுக்கத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டது. கண்ணாடியைப் புரட்டி வைத்து அவர்களை நிமிர்த்தினான்.

ஆனால் வீடு பத்தடி. அந்தப் பத்தடிக்குள் தங்கபுஷ்பத்தை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் இரண்டடிக்கு மேல் வளரவில்லை. அதனால் நல்லதம்பி அண்ணாச்சியின் மிளகாய்வத்தல் குடோனைக் கேட்டான். நாற்பதடி நீளம், கடைசிச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, ஷட்டரை இழுத்துவிட்டால் உச்சி வெயிலிலும் கையைப் பார்க்கமுடியாத இருட்டு.

"தை பொறந்து வத்தல் வர்ற வரைக்கும் சும்மாதான கெடக்கு, எடுத்துக்கப்பா" என்றார் அண்ணாச்சி. "ஆனா உள்ள நின்னா கண்ணு எரியும். சரக்கு இல்லைன்னாலும் காரம் போகாது."

கார்த்திகை மாசத்து வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பெத்துராஜ் தும்மிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும், பெட்டியை ஓர் அடி பின்னால் ஓர் அடி பின்னால் என்று நகர்த்திப்போய், சுவரில் நாலடி பதினோரு அங்குலத்தில் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தங்கபுஷ்பத்தின் உச்சி வகிடு தொடுகிற இடத்தில் நிறுத்தினான். மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. அவள் மணவறையில் நின்று மாலையின் கனத்துக்குக் கழுத்தைச் சாய்த்தாள். அவன் சுவரை ஒட்டிப்போய் நின்றால் தன் நிழல் அவள்மேல் விழுகிறது என்று ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று, அவள் தன் தோள்பட்டை வரைதான் வருகிறாள் என்பதை ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உடம்பால் தெரிந்துகொண்டான்.

பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் போனது. பல்பு அணைந்தது, விசிறி நின்றது, சிடி பிளேயர் நின்றது. கல்யாணம் நிற்கவில்லை.

சத்தம் மட்டும் போய்விட்டது. மேளக்காரர் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார், பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள், யாரோ ஒரு குழந்தை பாயசத்தைச் சிந்தியது. அந்தி மங்குகிற நேரத்து வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவு வெளிச்சத்தில் சுவர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பெத்துராஜ் பெட்டியைத் திறந்து பார்த்தான். விசிறி நின்றதும் பல்பின் சூடு உள்ளேயே அடைந்து, மூன்றாவது கண்ணாடியும் வெந்துபோயிருந்தது, அதற்குப் படம் கொண்டுவரும் நாடாவயர் உருகி ஒட்டியிருந்தது. ஏழு மாதத்து வேலை போயிற்றே என்று நினைத்தான். பிறகு சுவரைப் பார்த்து, போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு, சாக்கை விரித்து உட்கார்ந்தான்.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது, ஏனென்றால் அந்தக் கல்யாணத்துக்குத் தெரு முழுக்கத்தான் போயிருந்தது. மறுநாள் விடிந்ததும், ஆலைக்குப் போகிறவர்கள் ஆலைக்குப் போகாமல் குடோனுக்கு வந்தார்கள். வந்தவர்கள் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, நல்லா விழுந்திருக்கே என்றார்கள். தங்கள் பழைய முகங்களைக் கண்டு சிரித்தார்கள். "ஏ, எம்புட்டு முடி பாருங்க எனக்கு!" "அது என் சேலை, அதத்தான் ஒறவுக்காரி ஒருத்தி வாங்கிட்டுப் போயித் தரவே இல்ல." குழந்தையாய் ஓடியவர்கள் இப்போது தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்று, அந்தா அம்மா ஓடுறேன் பாரு என்று காட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருத்தரும் தங்கள் செத்தவர்களைக் கண்டுபிடித்தார்கள், சிரிப்பு அடங்கியது. மிளகாய்க் காரத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் யார் அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அது ஒரு வசதியாக இருந்தது.

மூன்று மணிநேரக் கேசட் சுவரில் ஒன்றரை நாள் ஓடி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் தாம்பூலப்பை கொடுக்கிற இடத்துக்கு வந்தது. அங்கே கேசட் முடியும். கல்யாணம் முடியவில்லை, கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகத் தொடங்கியது. பையை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். வாசலுக்கு வெளியே வீடியோக்காரர் அன்றைக்கு எதையும் எடுக்கவில்லை; அதனால் நிலைப்படியைத் தாண்டிய கால் சுண்ணாம்புக்குள் போனது, ஆளும் போனார். முதலில் உயிரோடிருக்கிறவர்கள் போனார்கள். பின்னால் கிழவர்கள் போனார்கள், படுக்கையில் கிடந்து, பேரன் கையால் பால் குடித்து, சங்கு ஊதித் தூக்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் போக ஓர் இடம் இருந்தது. மாப்பிள்ளை பெத்துராஜ் மணவறையிலிருந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணைத் திரும்பிப் பாராமல், எல்லோரையும்போல் வாசலைத் தாண்டிப் போனான். சாக்கில் உட்கார்ந்திருந்த பெத்துராஜ் அதைப் பார்த்தான். "ஏலே" என்று வாய்விட்டுக் கூப்பிட்டான். போனவன் போனவன்தான். தங்கபுஷ்பம் மாலையும் கழுத்துமாக மணவறையில் தனியாக நின்றாள்.

சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள்.

சங்கரம்மா எண்ணினாள். ஆலை வெடித்ததில் அம்மாவையும் தங்கச்சியையும் ஒரே நாளில் கொடுத்தவள் அவள். தெருமுனையில் ஆலைக்காரர்கள் நட்டுவைத்த கல்லில் வெட்டியிருந்த இருபத்தொரு பேரும் அவளுக்கு வாய்ப்பாடுபோல் மனப்பாடம். ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சுவரில் ஆளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். பெரியவர்கள், குமரிகள், அன்றைக்குப் பாவாடை கட்டிப் பின்னாளில் தீப்பட்டு இறந்த சிறுமிகள். இருபத்தொன்று முடிந்தது. பந்திப்பாயின் ஓரத்தில், ரோஸ் கவுனும் ஒற்றைக் கொலுசுமாய் ஒரு நாலு வயசுப் பிள்ளை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சங்கரம்மா அதைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

அது வெள்ளத்தாயின் மகள் செண்பகம்.

வெள்ளத்தாய் பெத்துராஜுக்கு மதினி முறை. அவனுடைய பெரியப்பா மகனைக் கட்டி, சீக்கிரமே தாலியறுத்தவள். செண்பகம் அவளுக்கு ஒற்றைப் பிள்ளை. பதினாறு வயசில், ஆலை வெடித்த அதே நாள் காலையில், தையல் கிளாசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது, திரும்பவில்லை. ஆலைச் சிட்டையில் அவள் பேர் இல்லை. அன்றைக்கு வேறொருத்திக்குப் பதிலாக உள்ளே போனாள் என்று ஒரு பேச்சும், லாரிக்காரன் ஒருவனோடு போய்விட்டாள் என்று ஒரு பேச்சும் தெருவில் இருந்தன. வெள்ளத்தாய் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். ஓடிப்போனவளைப் பெற்றவள் என்ற பேரை ஊர்முன்னால் தானே விரும்பி வாங்கி ஒன்பது வருஷமாகச் சுமந்தாள், ஏனென்றால் ஓடிப்போனவள் ஒருநாள் திரும்பி வரமுடியும். திருப்பூரில் இருக்கிறாள் என்பாள். அவளுக்கு இரண்டு பிள்ளை இருக்கும் இந்நேரம் என்பாள்.

அவள் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு பெத்துராஜிடம் வந்தாள்.

"ஏன் தம்பி, நான் அவளைத் தோள்ல போட்டுத்தான தூக்கிட்டுப் போனேன்? நீ கூட வாசல்ல நின்னு, மதினி, புள்ள தல தொங்குது பாத்துன்னு சொன்னேல்ல?"

"சொன்னேன் மதினி."

"நேத்து நான் இதுல போனதப் பாத்தேன். தோள் வெறுந்தோளால்ல இருந்துச்சு." அவள் தன் இடது தோளைத் தடவிப்பார்த்துக்கொண்டாள். "அசதியில தூங்கிட்டா. நான் பெராக்குப் பாத்துக்கிட்டு விட்டுட்டுப் போயிட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"ஆமா மதினி" என்றான் பெத்துராஜ். தெருவும் ஆமாம் என்றது. அவளுக்கு முன்னால் இருபத்தொன்று என்றே எண்ணினார்கள். அவள் இல்லாதபோது இருபத்திரண்டு என்றார்கள்.

குடோன் ஒரு வீடு மாதிரி ஆகிப்போனது. ஆலைக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எட்டிப்பார்த்தார்கள். மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து சுவருக்கு எதிரே வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். உள்ளூர்க் கதை எல்லாம் சுவருக்குச் சொன்னார்கள். உன் மகனுக்குப் பொண்ணு பாத்தாச்சும்மா, கிணத்துக்கு மோட்டார் போட்டாச்சு. சுவரில் இருந்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருவருக்கொருவர் பேன் பார்த்தார்கள், மிஞ்சிய பூவைத் தொடுத்தார்கள், எச்சிலையை ஒதுக்கினார்கள், பாயைச் சுருட்டினார்கள், அலுத்துப்போய் மறுபடி விரித்தார்கள். அவ்வப்போது யாராவது ஒருத்தி எழுந்து வாசல்வரை போய், நிலைப்படியில் கையை ஊன்றி வெளியே பார்ப்பாள், திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள்.

வெளிச்சம்தான் ஆகாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தர் செல்போன் டார்ச்சை அடித்து அம்மாவின் முகத்தைப் பார்க்கப்போக, நல்லவேளை அது முகத்தில் விழாமல் மண்டபத்துத் தூணில் விழுந்தது. வெளிச்சம் பட்ட இடம் சுண்ணாம்பாகிவிட்டது, அப்புறம் அந்தத் தூண் வரவே இல்லை. அதிலிருந்து குடோனுக்குள் தீக்குச்சி கிடையாது, சூடம் கிடையாது, பீடி கிடையாது. வாசலில் மூன்று அடுக்குப் படுதா தொங்கவிட்டார்கள். கண் தெரியாதவர்களைப்போல் சுவரைத் தடவி உள்ளே வந்து, இடம் தடவி உட்கார்ந்தார்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவரும் அப்படித்தான் தடவி வந்து, பார்த்து, தன் படிவத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை என்று சொல்லி, போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

நாலாம் நாள் சாம்பார் தீர்ந்தது.

அதைத் தெரு உடனே கவனிக்கவில்லை. மண்டபத்தில் மிஞ்சிய சோற்றையும் கூட்டையும்தான் அவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் புளித்துப்போனதை முகம் சுளித்துக்கொண்டு தின்றார்கள். நாலாம் நாள் அண்டாக்களைச் சாய்த்து வழித்தார்கள். அப்புறம் சீர்த்தட்டுப் பழங்கள், தேங்காய், கற்கண்டு. வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக் காயை அறுத்துப் பச்சையாகக் கடித்தார்கள். எட்டாம் நாள் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கு மட்டும் மூடியில் ஊற்றிக்கொடுத்தார்கள். பத்தாம் நாள் தாம்பூலத்துக்கு வைத்த வெற்றிலையை மென்றார்கள். அவர்கள் சாகவில்லை, செத்தவர்கள் எப்படிச் சாவார்கள், பசித்திருந்தார்கள். அவ்வளவுதான். கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, பட்டுச்சேலை இடுப்பில் நிற்காமல் நழுவியது.

தெருப் பெண்கள் வீட்டில் அடுப்பு மூட்டக் கூசினார்கள். சுவருக்கு முன்னால் சோறு வைத்தார்கள், அப்பம் வைத்தார்கள், குடம் குடமாய்த் தண்ணீர் வைத்தார்கள். எறும்பு வந்து எடுத்துக்கொண்டு போனது. சுண்ணாம்பில் சோற்றை அப்பிப் பார்த்தாள் சங்கரம்மா. அது அவள் தங்கச்சியின் மடியருகே காய்ந்து உதிர்ந்தது. ஆனாலும் யாரும் வராமல் இருக்கவில்லை. பார்க்காமல் இருக்கச் சகிக்காமல் வந்து, பார்க்கச் சகிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

செண்பகம்தான் முதலில் அழுதது. சத்தமில்லாமல், வாயைத் திறந்து, காலை உதைத்து அழுதது. தங்கபுஷ்பம் மணவறையிலிருந்து இறங்கிவந்து அதை மடியில் போட்டுக்கொண்டாள். தன் பங்குக்கு ஒளித்துவைத்திருந்த கடைசி வாழைப்பழத்தை உரித்து, கொஞ்சம் கொஞ்சமாய்க் கிள்ளி ஊட்டினாள். பழம் தீர்ந்ததும் தன் விரலைச் சப்பக் கொடுத்தாள். தங்கபுஷ்பத்துக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. ஒரு பிள்ளையை அவள் எப்படி இடுப்பில் வைப்பாள் என்று பெத்துராஜ் பார்த்தது கிடையாது. இப்போது பார்த்தான். பதினோராம் நாள், பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள். பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. தலை ஒருபக்கமாய்த் தொங்கியது. தங்கபுஷ்பம் ஒரு கையால் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் உதிர்ந்துபோன கல்யாண மாலையின் நாரை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது இந்தப் பக்கம் பார் என்று அவன் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் கேட்டான். அவள் பார்க்கவில்லை.

பதினாலாம் நாள் மத்தியானம், தெருப் பெண்கள் தண்ணீர் லாரிக்குப் போயிருந்த நேரம், வெள்ளத்தாய் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள். பெத்துராஜ் மட்டும் இருந்தான்.

"லைட்டப் போடு தம்பி" என்றாள்.

"மதினி, கண்ணாடி வெந்துபோச்சு. படம் வராது. கல்யாணம் திரும்ப ஓடாது. வெறும் வெளிச்சம்தான் வரும். வெளிச்சம் பட்டா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும்."

"தெரியும்."

"எல்லாரும் போயிருவாக."

"போகட்டும்னுதான சொல்றேன்." அவள் இருட்டில் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "அவுகளுக்கு வாசல் தெரியல தம்பி. வாசல் வரைக்கும் வாராக, வெளிய இருட்டா இருக்கு, பயந்துக்கிட்டுத் திரும்பிருதாக. வெளிச்சம் வந்தா நடந்து வந்துர மாட்டாகளா? எம் புள்ள ஒருத்தி வெளிய வந்தாப் போதும். நான் வாசல்ல நிக்கேன்."

"அப்படி இல்ல மதினி."

"எப்படின்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் சுவரைப் பார்த்தான். பிள்ளையின் வாய் திறந்திருந்தது. தங்கபுஷ்பம் எச்சிலைக் கூட்டி விரலில் தொட்டு அதன் உதட்டை நனைக்கப் பார்த்தாள், அவளிடம் எச்சில் இல்லை. பெத்துராஜ் எழுந்தான். பெட்டிக்குப் போய், உருகிய நாடாவயரை அறுத்துப்போட்டு, பல்பைத் துடைத்து மாட்டி, விசிறிகளைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வேலையையும் ஒழுங்காகச் செய்தான். இன்னும் இரண்டு நிமிஷம், இன்னும் ஒரு திருகு என்று அவன் கை தானாகத் தாமதம் பண்ணியது. சுவிட்சைத் தொட்டபோது வெள்ளத்தாய் அவன் பக்கத்தில் இல்லை. படுதாவை விலக்கிக்கொண்டு குடோன் வாசலுக்கு ஓடியிருந்தாள்.

அந்தமாதிரிப் பல்பு போட்டதும் எரியாது. முதலில் ஊதாவாய் முனகும், பிறகு பச்சை, பிறகு நீலம். முழு வெள்ளைக்கு வர நாலு நிமிஷம் பிடிக்கும். அந்த நாலு நிமிஷமும் சுவரில் விடிந்தது. சுருண்டு கிடந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். சங்கரம்மாவின் அம்மா தன் இளைய மகளைத் தட்டி எழுப்பினாள். ஒருத்தி அவசரமாய்க் கொண்டையை அள்ளி முடிந்தாள், விருந்தாளி வருகிற வீட்டில் செய்வதுபோல. தங்கபுஷ்பம் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றாள், வெளிச்சம் வருகிற பக்கம் திரும்பினாள். பதினாலு நாளில் முதல் தடவையாக அவள் முகம் நேராக இந்தப் பக்கம், பெட்டியின் பக்கம், பெட்டிக்குப் பின்னால் நின்ற அவன் பக்கம் திரும்பியது.

"புஷ்பம்" என்றான். "நான்தான்."

அவள் கையைக் குவித்துக் கண்ணுக்கு மறைப்பு வைத்தாள். எதிரே வண்டி வெளிச்சம் அடித்தால் ரோட்டில் நிற்கிறவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கி, யாருடா அது என்பதுபோல. வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்கிறவனை அப்படி யாராலும் பார்க்கமுடியாது. அவன் பெட்டிக்கு முன்னால் பாய்ந்து ஓடினான், தன் முகத்தை வெளிச்சத்தில் காட்டுவதற்காக. அவன் ஓடிவந்து நின்றதும் அவனுடைய நிழல், ஓர் ஆள் அகலக் கறுப்பாய், அவள்மேல் விழுந்தது. நிழலுக்குள் ஒரு மூச்சுநேரம் அவள் மிச்சமிருந்தாள். பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாளா, அல்லது பிள்ளையின் கனத்துக்குக் கால் மாற்றி நின்றாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் நிழல் அவளை மறைக்கிறதே என்று அவன் விலகினான். தான் நிற்கிறவரைக்கும்தான் அவள் இருப்பாள் என்பது விலகின பிறகுதான் உறைத்தது.

சுவர் வெள்ளையாக இருந்தது. பால்வெள்ளை, ஒரு கறை இல்லை. அவன் பென்சிலால் போட்ட கோடு மட்டும் இருந்தது.

தண்ணீர்க் குடங்களோடு வந்த பெண்கள் படுதாவின் மூன்று அடுக்குக்கும் கீழே வெளிச்சம் கசிவதைக் கண்டு குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சங்கரம்மா சுவரில் விழுந்து இரண்டு கையாலும் தேய்த்தாள், சுண்ணாம்பு கையோடு வந்தது. "பசியோட இருந்தாலும் இருந்தாளுகளேடா!" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "கண்ணுக்கு முன்னால இருந்தாளுகளேடா, பாவி!" பல்பை அணைத்தார்கள், ஷட்டரை இழுத்துவிட்டார்கள், இருட்டில் ஒரு மணிநேரம் மூச்சை அடக்கி உட்கார்ந்து பார்த்தார்கள். இருட்டு இருட்டாகவே இருந்தது. ஒருத்தி தும்மினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, கவிழ்ந்து கிடந்த தன் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளத்தாய் குடோன் வாசலில் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் சாய்ந்துவிட்டது. இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள்.

"உன் பொண்டாட்டிதான தம்பி அவளத் தூக்கி வச்சிருந்தா? தூக்கிட்டு வெளிய வந்தாளா?"

பெத்துராஜ் அவளைப் பார்த்தான். வாசலில் ஐம்பது வயசுக்காரி ஒருத்தி, பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொள்ளத் தயாராகச் சேலைத் தலைப்பை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"வந்தா மதினி" என்றான்.

"எந்தப் பக்கம் போனா?"

"உன் வீட்டுப் பக்கம்தான்."

அவள் ஓட்டமும் நடையுமாய்ப் போனாள். தனியே விட மனசில்லாமல் அவனும் பின்னால் போனான். வீட்டில் யாரும் இல்லை. பின்கட்டில் பார்த்தாள், கோழிக்கூட்டில் பார்த்தாள். வழியில் எங்காவது உட்கார்ந்திருப்பாள், பிள்ளை கனத்திருக்கும் என்றாள். அடுப்பை மூட்டி உலை வைத்தாள். பதினாலு நாள் பசிக்குக் காரம் ஆகாது என்று பருப்பை மட்டும் கடைந்து, நெய் தேடி, ஒரு சின்னத் தட்டில் சோற்றைப் போட்டுக் குழையப் பிசைந்து, ஆறட்டும் என்று வைத்தாள். பெத்துராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தான்; இரண்டு தடவையும் அவள், "வாரது தெரியுதா?" என்றாள்.

தெருவில் விளக்கு போட்டார்கள். ஆலை பஸ் வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொருத்தியும் இந்த வீட்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். சோற்றின்மேல் ஆடை கட்டியது. வெள்ளத்தாய் அதை ஒரு தடவை சூடு பண்ணினாள், இன்னொரு தடவை சூடு பண்ணினாள். மூன்றாம் தடவை அடுப்புக்கு எடுத்துப்போனவள் பாதியில் நின்று, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"தம்பி" என்றாள். "அவ தையல் கிளாசுக்குப் போறேன்னுட்டுப் போன அன்னைக்கி, கத்தரிக்கோலை வீட்டுலயே வச்சிட்டுப் போயிருந்தா. நான் சாயந்திரமே பாத்துட்டேன். ஆலைக்குப் போறவளுக்கு அது எதுக்கு? யார் கண்ணுலயும் படாம எடுத்து அரிசிப்பானைக்குள்ள போட்டுட்டேன்."

அவன் எழுந்து உள்ளே வந்தான். அவள் தரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, ஆறிப்போன அந்தச் சோற்றை ஒரு பிள்ளைக்கு உருட்டுகிற அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினாள். வாசலைப் பார்க்கவில்லை. முதல் உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு அடுத்ததை.